இரைக்கு ஒரு நாள், கைக்கு ஒரு நாள்

இந்தியாவில் மலைப்பாம்பைப் பிடித்து வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அப்படியொரு நாட்டிலிருந்து வந்து ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் குடியேறிய எங்களுக்கு, இங்கே முறையாக உரிமம் பெற்றால் ஒரு சாதாரணக் குடும்பமே மலைப்பாம்பு வளர்க்கலாம் என்பதை நம்புவதற்குச் சற்றுக் காலம் பிடித்தது. மகளின் வகுப்புத் தோழி வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்தவள் நாயும் வேண்டாம், பூனையும் வேண்டாம், பாம்புதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள்.

உரிமம் கைக்கு வந்த பிறகுதான் பாம்பை வாங்க வேண்டும். முன்னதாக வாங்கிவிட்டு விண்ணப்பிக்கக் கூடாது. வளர்ப்பில் பிறந்த குஞ்சை உரிமம் உள்ளவரிடமிருந்து மட்டுமே வாங்கலாம், காட்டிலிருந்து பிடித்து வருவது குற்றம். அயல்நாட்டு இனங்களுக்கும் இங்கே இடமில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் வளர்க்கிற 'பால் பைதான்' (ball python) என்னும் மலைப்பாம்பை ஆஸ்திரேலியாவில் தனியார் வைத்திருக்க முடியாது. நாங்கள் தேர்ந்தெடுத்தது ஸ்பாட்டட் பைதான் என்னும் உள்நாட்டு இனம். முழுவளர்ச்சி அடைந்தாலும் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளந்தான் வரும், விஷம் கிடையாது. வாங்கி வந்தபோது எங்கள் குஞ்சு ஒரு பென்சில் பருமன்தான் இருந்தது.

இந்த இனத்தின் இயல்பைப் புரிந்துகொள்ள குயின்ஸ்லாந்தின் ராக்ஹாம்ப்டன் அருகிலுள்ள மவுண்ட் எட்னா குகைகளைப் பற்றி அறிந்தால் போதும். அங்கே கோடைக்கால மாலைகளில் வவ்வால்கள் கூட்டமாக வெளியேறும்போது, குகை வாயிலை உடலால் பற்றிக்கொண்டு தலையைத் தொங்கவிட்டபடி காத்திருக்கும் ஸ்பாட்டட் பைதான்கள் பறக்கும் வவ்வாலை இருட்டிலேயே கவ்விப் பிடிக்கின்றன. மணத்தை நாக்கும், வெப்பத்தை உதட்டோரக் குழிகளும் உணர்த்துகின்றன. இரண்டும் ஒருங்கே கிடைத்தால் அது தயங்காமல் பாய்ந்துவிடும். எலி வாசனை ஒட்டிய மனிதக் கையும் வெதுவெதுப்பானதுதான். வீட்டில் வளர்க்கும் பாம்பு தன் எசமானரைக் கடிக்கிறதென்றால், பல நேரங்களில் அது கோபத்தால் அல்ல, கையை இரையென்று எண்ணியதால்தான். இதை ஒத்துக்கொண்டுவிட்டால், உணவு கொடுக்கும் வேளையையும் கையில் எடுக்கும் வேளையையும் ஒன்றோடொன்று கலக்கவிடாமல் வைத்திருப்பதே பாதுகாப்பின் பெரும்பகுதி என்பது விளங்கிவிடும்.

புதிதாக வந்த குஞ்சை முதல் ஒரு வாரமாவது தொடாமல் விட்டுவிட வேண்டும். தண்ணீர் மாற்றுவது, கழிவை அகற்றுவது தவிரப் பெட்டிக்குள் கை போகக் கூடாது. அது அமைதியாக இரை எடுத்துச் செரித்த பிறகு, சில நிமிடங்கள் மட்டும் கையில் எடுத்துப் பழக்கலாம். மேலிருந்து கையை இறக்கினால் பருந்து பாய்வதுபோல் தோன்றி மிரண்டுவிடும். பக்கவாட்டிலிருந்து, தலையை விட்டு நடு உடலுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு மெல்லிய கொக்கியால் உடலை இலேசாகத் தொட்டுவிடுவது எங்கள் வழக்கம். கொக்கி பட்டால் இரை வராது என்பது நாளடைவில் அதற்குப் பழகிவிடுகிறது. இறுக்கிப் பிடிக்காமல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு அது தானாக ஊர்ந்துபோக விட்டால் போதும். கண்கள் பால் படிந்தாற்போல் மங்கியிருந்தால் சட்டை உரிக்கப் போகிறது என்று பொருள். சரியாகப் பார்வை தெரியாத அந்நாட்களில் எடுக்கவே கூடாது.

ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, "ஏண்டி, பசிக்குதுன்னு இது எப்படிடி சொல்லும்?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். அது சொல்லாது, ஆகவே நாங்கள் குறித்து வைக்கிறோம். உணவு கொடுத்த தேதி, எலியின் எடை, பாம்பின் எடை, சட்டை உரித்த நாள் எல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் மகளின் கையெழுத்தில் இருக்கின்றன. குஞ்சுக்கு ஐந்திலிருந்து ஏழு நாட்களுக்கு ஒருமுறை ஓர் எலிக்குஞ்சு போதும். பாம்பின் உடலில் மிகப் பருத்த பகுதி எவ்வளவோ, எலியும் ஏறக்குறைய அவ்வளவு பருமனாக இருக்க வேண்டும். பாம்பு வளர வளர எலியின் அளவைக் கூட்டி இடைவெளியையும் நீட்டிக்கொண்டே போகலாம். முழுவளர்ச்சி அடைந்ததற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒன்று போதும்.

உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் விடுவது எலிக்குக் கொடுமை. பாம்புக்கும் அது நல்லதல்ல, மூலையில் சிக்கிய எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும். உறையவைத்த எலிகள் கிடைக்கின்றன. அவற்றுக்கென்று ஒரு சிறிய ஃப்ரீசரைத் தனியாக வைத்திருக்கிறோம். உறைநிலை சால்மொனெல்லாக் கிருமியைக் கொல்லாது என்பதால், வீட்டுச் சமையல் பொருட்களோடு அவற்றைச் சேர்த்து வைப்பதை நான் ஒப்பவில்லை. முதல்நாள் இரவே எலியை உறையோடு ஒரு மூடிய டப்பாவில் போட்டு, சமையல் பொருள் வைக்காத ஃபிரிட்ஜில் வைத்து இளக்கிவிட்டு, கொடுப்பதற்குச் சற்று முன் உறையோடே வெந்நீரில் வைத்துச் சூடேற்ற வேண்டும். மைக்ரோவேவில் வைத்தால் வெளியே வெந்தும் உள்ளே உறைந்தும் போகும், வெடித்தும் விடும். வயிற்றைத் தொட்டால் குளிர்ச்சி இருக்கக் கூடாது. பிறகு ஈரத்தைத் துடைத்து, நீண்ட இடுக்கியால் இடுப்புப் பகுதியைப் பிடித்து, தலைப்பக்கம் பாம்பை நோக்கியிருக்குமாறு நீட்டி மெல்ல அசைத்தால், கண்ணிமைக்கும் நேரத்தில் கவ்விச் சுருண்டுகொள்ளும். விரல்கள் அப்போது குறைந்தது ஒரு முழம் தள்ளி இருக்க வேண்டும்.

உண்ட பின் இரண்டு நாட்களுக்கு யாரும் தொடக் கூடாது. வயிறு நிறைந்த நிலையில் கையில் எடுத்தாலோ, பெட்டி போதுமான சூடின்றி இருந்தாலோ, பாம்பு விழுங்கியதைக் கக்கிவிடும். பெட்டியின் ஒரு முனை 31 முதல் 33 பாகை செல்சியஸ் வரையும், மறுமுனை 25 பாகையளவிலும் இருக்குமாறு தெர்மோஸ்டாட்டைக் கொண்டு சூட்டைக் கட்டுப்படுத்துவது செரிமானத்துக்காகத்தான். கக்கிவிட்டால் உடனே மறு உணவு கொடுக்காமல் இரண்டு வாரம் ஓய்வு விட்டு, சிறிய எலியோடு தொடங்க வேண்டும். மீண்டும் கக்கினால் ஊர்வன மருத்துவரிடம் போய்விடுவதே நல்லது.

பாம்பு கடித்து, பிடியை விடாமல் பற்றிக்கொண்டால் இழுக்கக் கூடாது. பற்கள் உள்நோக்கி வளைந்தவை, இழுத்தால் சதை கிழியும், பாம்பின் பல்லும் உடையும். வாயின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் பெரும்பாலும் விட்டுவிடும். சுற்றிக்கொண்டிருந்தால் வாலிலிருந்து பிரித்துக்கொண்டே வர வேண்டும். காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கடி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பாம்பையோ பெட்டியையோ தொட்டபின் கை கழுவாமல் எதையும் செய்யக் கூடாது; ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் கொடுக்கவே கூடாது.

எனக்கு இப்போதும் உள்ள கவலை வீட்டுக்குள் இருக்கும் பாம்பைப் பற்றியதல்ல. பழகிய கைக்குத் துணிச்சல் வந்துவிடும். வீட்டுக்கு வெளியே புல்வெளியில் ஈஸ்டர்ன் பிரவுன் என்னும் கொடிய விஷப்பாம்பு வரக்கூடிய நிலம் இது, அதன் குட்டிகளில் சிலவற்றுக்கு உடல் முழுதும் பட்டைகள்கூட இருக்கும். ஆகையால் வெளியே காணும் எந்தப் பாம்பையும், அது மலைப்பாம்பென்று நூறு சதவீதம் தெரிந்தாலும், மகள் தொடுவதில்லை; நின்ற இடத்திலிருந்தே பின்வாங்கிப் பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். விஷப்பாம்பு கடித்தால் கடிவாயைக் கழுவாமல், கை காலை அசைக்காமல், முழுவதுமாக அழுத்திக் கட்டுவதற்கான இழுத்தால் நீளும் துணிக் கட்டுகள் சமையலறை இழுப்பறையில் இருக்கின்றன. 000 என்ற அவசர உதவி எண்ணை அழைத்துவிட்டு அவற்றை எப்படிச் சுற்றுவது என்பதை அவள் எனக்கே சுற்றிப் பழகியிருக்கிறாள்.