ஹரோ குன்றின் கீழிருந்து பார்க்கும் பாராளுமன்றம்

லண்டனின் வடமேற்கிலுள்ள ஹரோவுக்குக் குடிவரும் தமிழ்க் குடும்பம் முதலில் விசாரிப்பது வேலையிடத்துக்குப் போகும் பேருந்தை. அடுத்தது பிள்ளைக்கான பாடசாலையை. நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். நோர்தோல்ட் வீதியில் இருக்கும் நம்மவர் கடைகளுக்குச் சில வாரங்கள் போய்வந்தாலே, எந்தப் பாடசாலையின் பெறுபேறு கூடியிருக்கிறது, அதற்கு இடம் கிடைக்க எந்தத் தெருவுக்குள் வீடு எடுக்க வேண்டும், பதினொரு வயதுச் சோதனைக்கு எந்த ஆசிரியரிடம் ரியூசன் கேட்கலாம் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அதே வீதியிலிருந்து அதிக தூரமில்லாத குன்றின் மேல், ஊரின் பெயரையே தாங்கி நிற்கும் பாடசாலையைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசுவதில்லை. வைக்கோல் தொப்பி அணிந்த அதன் மாணவர்களை எங்கள் பிள்ளைகள் பேருந்து யன்னலூடாகப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பாடசாலை யாருக்காகத் தொடங்கப்பட்டது என்பதை நான் பல காலம் கழித்துத்தான் வாசித்தறிந்தேன். ஜோன் லயன் என்ற உள்ளூர் விவசாயி 1572 இல் முதலாம் எலிசபெத் அரசியிடம் பட்டயம் பெற்று, இந்தப் பகுதிச் சிறுவர்கள் இலவசமாகப் படிக்கட்டும் என்று நிறுவியது அது. கட்டணம் செலுத்தக்கூடிய வெளியூர் மாணவர்களையும் சேர்க்கலாம் என்ற ஏற்பாடு தொடக்கத்திலேயே இருந்தது. காலப்போக்கில் அவர்களே பாடசாலையாகிவிட, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கென்று 1876 இல் வேறொரு பாடசாலை திறக்க வேண்டியதாயிற்று. ஈட்டன் பாடசாலையின் கதையும் இதுதான்: 1440 இல் ஆறாம் ஹென்றி மன்னர் வறிய மாணவர் எழுபது பேரை நினைத்துத் தொடங்கிய இடம், பிரித்தானியாவுக்கு இதுவரை 20 பிரதமர்களைக் கொடுத்திருக்கிறது. எங்கள் குன்று கொடுத்தவர்கள் ஏழு பேர். சர்ச்சில் அவர்களுள் ஒருவர். ஜவாஹர்லால் நேருவும் இங்கேதான் படித்தார் என்பதை இந்திய நண்பர்கள் பெருமையோடு சொல்வார்கள். இன்று இவ்விரு பாடசாலைகளிலும் ஒரு பிள்ளையின் ஓராண்டுக் கட்டணம் 50,000 பவுணைத் தாண்டுகிறது. 2025 ஜனவரியிலிருந்து தனியார் பாடசாலைக் கட்டணங்களுக்கு 20 சதவீதப் பெறுமதிசேர் வரியும் (வற்) சேர்ந்துவிட்டது. முழுநேர வேலை செய்யும் ஒருவரின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 2024 இல் ஏறத்தாழ 37,000 பவுண்தான், அதுவும் வருமான வரி கழிக்கப்படுவதற்கு முன்னர்.

இலங்கையில் வளர்ந்த எனக்கு இந்தக் கணக்கு விளங்குவதற்குச் சிறிது காலம் எடுத்தது. கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945 இல் நடைமுறைக்கு வந்த நாட்டில், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில், பிறகு உயர்தரம், பிறகு பல்கலைக்கழகம் என்ற வரிசையில்தான் எங்கள் எல்லோருடைய வீட்டுக் கனவும் ஓடியது. பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டியவருக்குக் கதவு திறக்கும், தாண்டாதவருக்குத் திறக்காது. அங்கும் தரப்படுத்தல் என்ற பெயரில் தமிழ் மாணவரின் பல்கலைக்கழக அனுமதியில் எங்களுக்கு நடந்ததை மறந்துவிட்டு இதைச் சொல்லவில்லை. ஆனாலும் பரீட்சைதான் கதவு என்ற நம்பிக்கை எங்கள் இரத்தத்தில் ஊறியது. அதையே இங்கும் கொண்டுவந்தோம். இங்கிலாந்தில் இன்னும் எஞ்சியிருக்கும் 163 கிராமர் பாடசாலைகளை (பதினொரு வயதுச் சோதனையில் தேறியவரைச் சேர்க்கும் அரச பாடசாலைகள்) நம்மவர்கள் தேடிப்பிடித்துப் பிள்ளைகளைப் படிக்க வைப்பதும், அதற்காக ஹரோவிலிருந்து பார்னெட்டுக்கும் ஸ்லவுவுக்கும் பிள்ளைகள் நாள்தோறும் பயணம் செய்வதும் அந்த நம்பிக்கையால்தான். மருத்துவம், பொறியியல், கணக்கியல் ஆகியவற்றுக்கு அது பொய்க்கவில்லை.

அரசியலுக்கு அது போதாது. பிரித்தானியப் பிள்ளைகளில் ஏறத்தாழ 7 சதவீதத்தினரே தனியார் பாடசாலைகளில் படிக்கிறார்கள். 2024 பொதுத் தேர்தலுக்குப் பின் சட்டன் டிரஸ்ட் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கின்படி, பாராளுமன்ற உறுப்பினர்களில் 23 சதவீதத்தினர் அங்கிருந்து வந்தவர்கள். இது அவர்கள் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து மிகக் குறைந்த அளவு என்பதையும் சொல்ல வேண்டும். மூத்த நீதிபதிகளிடையே 2019 இல் இந்த அளவு 65 சதவீதமாக இருந்தது. கட்சிகளுக்கிடையிலும் பெரிய இடைவெளி உண்டு: பழமைவாதக் கட்சியினரில் கிட்டத்தட்ட பாதிப்பேர், தொழிற்கட்சியினரில் ஏழில் ஒருவர் அளவில்.

என் மகளுடைய அரச பாடசாலையில் கணிதமும் விஞ்ஞானமும் நன்றாகவே கற்பித்தார்கள். அவற்றில் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் பல்கலைக்கழகத்தில் அவளோடு படித்த, தனியார் பாடசாலையிலிருந்து வந்த பிள்ளைகளிடம் அவள் கண்ட வித்தியாசம் பாடத்தில் இல்லை. அமைச்சராக இருந்தவர் ஒருவர் மாலை நேரத்தில் வந்து பேசுவதும், அவரிடம் பதினாறு வயதுப் பிள்ளை எழுந்து கேள்வி கேட்பதும், விவாதக் கழகத்தில் தனக்கு உடன்பாடில்லாத பக்கத்துக்காக ஏழு நிமிடம் தடுமாறாமல் வாதாடுவதும் அவர்களுக்குப் பாடசாலை வாழ்வின் வழக்கமான பகுதிகளாக இருந்திருக்கின்றன. வயதில் மூத்தவரின் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதே என்று வீட்டில் நாம் வளர்த்த பிள்ளை, வகுப்பில் விடை தெரிந்தும் கை உயர்த்தாமல் இருக்கும்போது, அங்கே விடை தெரியாத பிள்ளையும் கை உயர்த்துகிறது. இந்தப் பழக்கம் ஒக்ஸ்போர்டின் விவாத மன்றத்துக்குப் போய், அங்கிருந்து பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கோ அமைச்சரின் ஆலோசகர் பதவிக்கோ போய், பிறகு வேட்பாளர் பட்டியலில் வந்து நிற்கிறது. அந்த மன்றத்தின் தலைவராக 1959 இல் இருந்தவர், பின்னாளில் இலங்கையின் வெளிவிவகார அமைச்சரான லக்ஷ்மன் கதிர்காமர் என்ற தமிழர். அவர் படித்ததும் ஆங்கிலேயப் பாடசாலைகளைப் பார்த்து வடிவமைக்கப்பட்ட கண்டி திரித்துவக் கல்லூரியில்தான்.

இடையில் சம்பளமில்லாத அல்லது சொற்பச் சம்பளமுள்ள பயிற்சி மாதங்கள் வரும். லண்டனில் அறை வாடகை கொடுத்துக்கொண்டு அந்த மாதங்களைக் கடக்கக் குடும்பப் பணம் வேண்டும். இதில் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருப்பதை நாம் ஒத்துக்கொள்வதில்லை: அவர்கள் அம்மா சமைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு மெட்ரோபொலிட்டன் ரயிலேறி வெஸ்ட்மின்ஸ்டர் போய்வரலாம். லண்டனிலிருந்து தொலைவில், வட இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் பிறந்த வறிய வெள்ளைக்காரப் பிள்ளைக்கு அதுகூட இல்லை.

நாடு எப்போதும் இப்படியே இருந்ததில்லை. 1955 முதல் 1964 வரை ஈடன், மக்மிலன், டக்ளஸ்-ஹோம் என்று மூன்று ஈட்டன் மாணவர்கள் தொடர்ந்து பிரதமர்களாக இருந்தார்கள். அதன்பின் 1964 முதல் 1997 வரை வந்த வில்சன், ஹீத், கலகன், தட்சர், மேஜர் ஆகிய ஐவரில் ஒருவர்கூடத் தனியார் பாடசாலையில் படித்தவரல்லர். மேஜர் படித்தது மேர்ட்டனில் உள்ள ரட்லிஷ் பாடசாலையில். அதன் சுற்றுப்புறத்தில் இன்று எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர் பல்கலைக்கழகத்துக்குப் போனதேயில்லை. போருக்குப் பிந்திய கிராமர் பாடசாலைகள்தான் அந்தத் தலைமுறையை மேலே தூக்கின என்று சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. பதினொரு வயதில் தேறாத பெரும்பான்மைப் பிள்ளைகளுக்கு அவை என்ன செய்தன என்பது அந்தக் கதையில் வராது. அக்காலத்தில் தொழிற்சங்கம் என்ற இன்னொரு வழியும் இருந்தது. பதின்மூன்று வயதில் வேல்ஸ் சுரங்கத்துக்குள் இறங்கிய அனைரின் பெவன் 1948 இல் தேசிய சுகாதார சேவையைத் தொடங்கி வைத்த அமைச்சரானது அந்த வழியால். சுரங்கங்களும் ஆலைகளும் மூடப்பட்டபோது அந்த வழி ஒடுங்கியது, ஆனால் முற்றாக அடைபடவில்லை. பதினாறு வயதில் பாடசாலையை விட்டு, முதியோர் பராமரிப்பு வேலை செய்து, தொழிற்சங்கத்தால் வளர்ந்த அஞ்சலா ரெய்னர் 2024 இல் துணைப் பிரதமரானார். நம்மவர்களோ பெற்றோல் நிலையத்து இரவு வேலையிலும் சொந்தக் கடையிலும் வாழ்க்கையைத் தொடங்கியதால் அந்த வழியைத் தொட்டதே குறைவு.

ரிஷி சுனக் 2022 இல் பிரதமரானபோது எங்கள் வேலையிடத்தில் தமிழர்களும் குஜராத்திகளும் கைகுலுக்கிக்கொண்டோம். அந்த மகிழ்ச்சியில் நானும் கலந்துகொண்டேன். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு வழி திறந்துவிட்டது என்று நண்பர்கள் சொன்னபோது எனக்கு உடன்பாடு வரவில்லை. குடும்ப மருத்துவரான தந்தையும் மருந்தகம் நடத்திய தாயும் வின்செஸ்டர் கல்லூரி என்ற பழைய தனியார் பாடசாலைக்கு அனுப்பிய பிள்ளை அவர், அங்கிருந்து ஒக்ஸ்போர்ட். நிறம் புதியது, பாதை பழையது. அவருக்குப் பின் வந்த ஸ்டாமர், கருவித் தொழிலாளியின் மகன். அவர் சேர்ந்தபோது அரச கிராமர் பாடசாலையாக இருந்த ரைகேட், அவர் அங்கே படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே தனியாராக மாறியது. அதனால் அவரை எந்தப் பக்கத்தில் எண்ணுவது என்று இங்குள்ளவர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது உமா குமரனின் வெற்றி. போரினால் இலங்கையை விட்டு வந்த பெற்றோருக்குக் கிழக்கு லண்டனில் பிறந்து, குயின் மேரி பல்கலைக்கழகத்தில் படித்த அவர், 2015 இல் எங்கள் ஹரோ கிழக்கில் நின்று தோற்றார்; 2024 இல் ஸ்ட்ராட்போர்ட் அன்ட் போ தொகுதியில் வென்று பாராளுமன்றத்தின் முதல் தமிழ் உறுப்பினரானார். இரண்டு தேர்தலுக்கும் இடையிலான ஒன்பது ஆண்டுகளைத்தான் நான் பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டுவேன். பரீட்சையில் தோற்றால் அடுத்த ஆண்டு எழுதலாம் என்று தெரிந்த எங்களுக்கு, அரசியலில் தோற்ற பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருக்க வேண்டும் என்பது புதிய பாடம்.

ஒரு கட்சியின் உள்ளூர்க் கிளைக் கூட்டத்துக்கு நான் முதலில் போனபோது, மழை பெய்த மாலையில் தேவாலய மண்டபத்தில் இருபது பேர் வரைதான் இருந்தார்கள். பெரும்பாலோர் ஓய்வூதியர். துண்டுப் பிரசுரம் எந்தத் தெருவுக்கு யார் போடுவது என்பதிலேயே நேரத்தின் பெரும்பகுதி போயிற்று. மாநகரசபை வேட்பாளர்களைத் தெரிவு செய்வது இந்த இருபது பேரும் இவர்களைப் போன்றவர்களும்தான் என்று அறிந்தபோது, 50,000 பவுண் கட்டணம் இல்லாத ஒரு வாசலும் இந்த நாட்டில் இருப்பது புரிந்தது. பொதுநலவாய நாட்டுக் குடிமக்களான இலங்கையரும் இந்தியரும் பிரித்தானியக் கடவுச்சீட்டு இல்லாமலேயே இங்கு வாக்களிக்கலாம். நிரந்தர வதிவிட உரிமை இருந்தால் தேர்தலில் நிற்கவும் செய்யலாம். கோயில் நிர்வாகசபைத் தேர்தலுக்குக் காட்டும் ஊக்கத்தில் கால்வாசியை இதற்குக் காட்டினாலே ஒரு வட்டாரத்தின் முடிவு மாறும்.

ஆனால் இந்த வாசலுக்கும் ஒரு விலை உண்டு, அது நேரம். கூட்டங்கள் மாலையில், கதவு தட்டிப் பேசுவது சனி, ஞாயிறுகளில், இரண்டுமே கடை வைத்திருப்பவருக்கு வியாபாரம் கூடிய நேரங்கள். தட்சரின் தந்தை கிரான்தம் (Grantham) நகரில் பலசரக்குக் கடை நடத்திக்கொண்டே நகரசபை உறுப்பினராகவும் மேயராகவும் இருந்தார் என்பதை, கடை வைத்திருக்கும் என் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவருடைய கடை இரவு பதினொரு மணிக்குத்தான் பூட்டும் என்று சிரித்தார். எங்கள் வட்டாரத்தில் நிற்பதற்குக் கட்சியிடம் அவர் இப்போது விண்ணப்பித்திருக்கிறார். அவருடைய மனைவி மாலை நேரங்களில் கல்லாவில் இருக்கச் சம்மதித்திருக்கிறார். சனிக்கிழமைத் துண்டுப் பிரசுரங்களுக்கு என்னைக் கேட்டார். மகளையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன், அவள்தான் கதவு தட்டியதும் தயங்காமல் பேசுவாள்.