வயது கடந்து படிக்க வருபவர்களுக்காக

சென்னைப் பல்கலைக்கழகம் 1981-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியதும், 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உருவானதும், படிப்பை இடையில் விட்டவர்களுக்குப் பெரிய வாசலைத் திறந்தன. ஆனால், இடம் கிடைத்ததோடு அவர்களுடைய சிரமம் தீர்ந்துவிடுவதில்லை.

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் பி.ஏ. தமிழ் படிக்க விண்ணப்பித்தார். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தந்தையின் இனிஷியல், ஆதாரிலோ கணவரின் இனிஷியல். இரண்டு பெயரும் தன்னுடையதுதான் என்று காட்ட, தீபாவளித் துணிகள் குவிந்திருந்த நேரத்தில் கடையை அடைத்துவிட்டு நோட்டரியைத் தேடி அலைந்தார். திருமணமான பெண்கள் பலருக்கும் நேரும் இச்சிக்கலுக்கு விண்ணப்பப் படிவத்திலேயே ஒரு கட்டம் ஒதுக்கினால் என்ன?

அதைவிடப் பெரியது நேரம். மாலை ஐந்தரைக்கு மூடிவிடும் அலுவலகம் வேலைக்குப் போகிறவருக்கு இருந்தும் இல்லாததுதான். வார இறுதி வகுப்பு நடக்கும் நாள்களிலாவது, கட்டணம், தேர்வு, சான்றிதழ் பற்றிக் கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்ல ஓர் அலுவலர் அங்கேயே இருக்க வேண்டும். இணையத்தில் விண்ணப்பத்தைப் பதிவேற்றத் தெரியாதவருக்கு அருகில் அமர்ந்து ஒருமுறை செய்துகாட்ட ஆள் வேண்டும். கைக்குழந்தையோடு வரும் தாய்க்கு ஓர் அறை வேண்டும். இவை எதற்கும் பெருஞ்செலவு ஆகாது என்றே நம்புகிறேன்.

கல்லூரிகளில் பணியாற்றும் நண்பர்கள் அடுத்த துறைக் கூட்டத்தில் இதைப் பேச வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.