மாடியில் வளரும் பழமரங்களும் ஆடிக் காற்றும்

கோவைக்குத் தெற்கே, பொள்ளாச்சி செல்லும் வழியில் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரைக்கும் காற்றைப் பற்றிய கவலை தீர்வதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டருகே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு இடைவெளி விட்டு நிற்பதால், தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கணவாய்க்குள் குவிந்து, வேகம் கூடி நம் பக்கம் இறங்குகிறது. பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுதான் மாடியில் நிற்கும் எலுமிச்சையையும் கொய்யாவையும் ஒட்டு மாவையும் சாய்த்துவிடுகிறது.

ஒரு மரம் சாய்ந்ததும் பெரும்பாலோர் செய்வது, தொட்டிக்குள் ஒரு மூங்கில் கழியை ஊன்றித் தண்டை உச்சிவரை அதனோடு இறுக்கிக் கட்டுவதுதான். இது போதாது என்பதோடு, சில வேளைகளில் கெடுதலும் செய்கிறது. காற்றினால் தொட்டி மரத்துக்கு நேரும் துன்பங்கள் இரண்டு. தண்டு ஆடும்போது வேர்ப்பகுதி முழுவதும் மண்ணுக்குள் அசைந்து, புதிதாக ஓடிய நுண்வேர்கள் அறுபடுவது ஒன்று. மரமும் மண்ணும் தொட்டியும் ஒன்றாகக் கவிழ்வது மற்றொன்று. தொட்டிக்குள் ஊன்றிய கழி முதலாவதைத்தான் தடுக்கும். தொட்டி கவிழும்போது கழியும் உடன் கவிழும். மேலும், வளைந்து கொடுக்கும் மரத்தின் இலைகளும் கிளைகளும் காற்றின் போக்கில் ஒடுங்கித் தம்மீது விழும் விசையைக் குறைத்துக்கொள்கின்றன. உச்சிவரை கட்டப்பட்ட மரத்தால் அப்படி ஒடுங்க முடியாததால், அந்த விசை முழுவதும் தொட்டியின் அடிக்கு வந்து சேர்கிறது. ஆகவே தொட்டியை அசையாமல் நிறுத்த வேண்டும், மரத்தை ஓரளவு அசையவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகிறது. அதை எதிர்த்து நிற்பவை தொட்டியின் எடையும் அடிப்பரப்பின் அகலமும் மட்டுமே. தென்னை நார்க்கழிவை மிகுதியாகக் கலந்த மண் காய்செடிகளுக்கு நல்லதுதான். ஆனால் காய்ந்துவிட்டால் அதற்கு எடையே இருப்பதில்லை என்பதால், ஆளுயர மரத்தை அதில் நிறுத்துவதை நான் விரும்புவதில்லை. செம்மண்ணும் மணலும் தொழுவுரமும் கலந்து, அதில் நார்க்கழிவைச் சிறிதளவே சேர்ப்பது நல்லது. மேலே விரிந்து கீழே குறுகும் தொட்டிகள் பார்வைக்கு அழகானவை, காற்றுக்கு ஆகாதவை. 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மைக் குறுக்கே பாதியாக அறுத்தால், மேலும் கீழும் ஒரே அகலமாய், ஏறக்குறைய 100 லிட்டர் மண் கொள்ளும் தொட்டி கிடைக்கிறது. பழமரத்துக்கு அதைவிடப் பொருத்தமானதை நான் கண்டதில்லை. ஆனால் செம்மண் நிறைந்து நீரும் ஊறிய பாதி டிரம் 150 கிலோவைத் தாண்டிவிடக்கூடும். அத்தகைய தொட்டிகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரோ உத்தரமோ செல்லும் இடங்களாகப் பார்த்துப் பிரித்து வைக்க வேண்டும். பழைய கட்டடமாக இருந்தால், பொறியாளர் ஒருவரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது.

தொட்டியைக் கட்டுவதற்காகத் தளத்தில் துளையிட வேண்டாம். நீர்க்கசிவுக்கு அதுவே வழியாகிவிடும். பல வீடுகளில், பின்னாளில் மாடி எடுப்பதற்கென்று தூண்களின் கம்பிகளை நீட்டிவிட்டிருப்பார்கள். அத்தகைய இரண்டு தூண்களுக்கு இடையே, தொட்டியின் முக்கால் உயரத்தில் ஓர் இரும்புக் குழாயைக் குறுக்கே கட்டிவிட்டு, தொட்டிகளை வரிசையாக அதையொட்டி வைத்து, ஒவ்வொன்றையும் விளிம்புக்குச் சற்றுக் கீழே கயிறு சுற்றிக் குழாயோடு பிணைத்துவிட்டால், அந்த வரிசையை எளிதில் கவிழ்க்க முடியாது. தூண் இல்லாத இடத்தில் மூன்று தொட்டிகளை முக்கோணமாக நெருக்கி வைத்து, மூன்றையும் சேர்த்து ஒரே கயிற்றால் இறுக்கினாலும் அடிப்பரப்பு அகலமாகி நல்ல பயன் தருகிறது. எதைச் செய்தாலும், கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைக்காதீர்கள். தெருவில் நடப்பவர் உயிரோடு விளையாடும் செயல் அது.

தண்டுக்கு வருவோம். 1973-ஆம் ஆண்டு மார்க் ஜாஃபே என்ற தாவர இயலாளர், தொடுதலாலும் அசைவாலும் செடிகளின் வளர்ச்சி மாறுவதை விரிவாகப் பதிவு செய்தார். அசைக்கப்படும் செடி உயரத்தைக் குறைத்துக்கொண்டு தண்டைப் பருக்கச் செய்கிறது. கட்டிலேயே வளர்ந்த மரத்தின் தண்டு மெலிந்திருப்பதும், கட்டை அவிழ்த்தவுடன் அது தலைசாய்ப்பதும் இதனால்தான். இளமரத்துக்குத் தண்டின் இரு பக்கமும், தொட்டியின் உள்விளிம்பை ஒட்டி, இரண்டு சவுக்குக் கம்புகளை ஊன்றி, மர உயரத்தின் மூன்றில் ஒரு பங்கு அளவில் கட்டினால் போதும். கட்டும் பொருள் பழைய பருத்திச் சேலைக் கிழிசலாகவோ சைக்கிள் டியூபாகவோ இருக்கட்டும். கம்பியும் மெல்லிய நைலானும் பட்டையை அறுத்துவிடும். தண்டுக்கும் கம்புக்கும் நடுவில் கட்டு ஒருமுறை குறுக்காகத் திரும்பி வந்தால், இரண்டும் உரசிக்கொள்ளாமல் இருக்கும். ஒட்டு மரங்களில் கட்டு ஒட்டுப் பகுதிக்கு மேலேதான் இருக்க வேண்டும், ஏனெனில் முதல் இரண்டு ஆண்டுகளில் காற்றுக்கு முறிவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

எலுமிச்சைக்குத் தனிக் கவனம் தேவை. காற்றில் முட்கள் இலைகளையும் பிஞ்சுகளையும் கீற, அந்தக் காயங்களின் வழியே, மழைச்சாரலோடு பரவும் சொறிநோய்ப் பாக்டீரியா நுழைகிறது. எனவே எலுமிச்சை மரங்களை ஒன்றையொன்று தொடாத இடைவெளியில் வைத்து, மேற்குப் பக்கம் 50 விழுக்காட்டு நிழல்வலையைத் தடுப்பாகக் கட்டுவது நல்லது. தகரமோ பலகையோ காற்றை முற்றிலும் மறிப்பதால் அதன் பின்புறம் சுழல்காற்று உண்டாகிறது. வலை காற்றைச் சிறிது உள்ளே விட்டு, வேகத்தை மட்டும் குறைக்கிறது. வலையைத் தாங்கும் கம்பங்கள் உறுதியாக இல்லாவிட்டால் அந்த வலையே பாய்போல இழுத்துக்கொண்டு போகும்.

சென்னை, கடலூர்ப் பகுதி நண்பர்களுக்கு இந்த முறைகள் முழுவதும் பொருந்தா. 2011 டிசம்பரில் தானே புயலும் 2016 டிசம்பரில் வர்தா புயலும் நிலத்தில் வேரூன்றிய பெருமரங்களையே பெயர்த்தன என்னும்போது, அத்தகைய காற்றில் தொட்டி மரத்தை நிமிர்த்தி நிறுத்த முயல்வதே வீண். எச்சரிக்கை வந்ததும் காய்களைப் பறித்துவிட்டு, சிறிய தொட்டிகளைக் கீழே இறக்கி, இறக்க முடியாதவற்றைச் சுவரோரமாக நீங்களே மெல்லச் சாய்த்துப் படுக்க வைத்து, உருளாதபடி செங்கல் அண்டை கொடுங்கள். புயல் கடந்ததும் அன்றே நிமிர்த்திவிட்டால் மரம் தேறிவிடும்.

கோவையில் புரட்டாசி பிறந்து காற்றுத் தணிந்ததும் தண்டின் கட்டுகளை அவிழ்த்துப் பாருங்கள். மரம் தானாக நேரே நின்றால் மீண்டும் கட்ட வேண்டாம். சாய்ந்தால் முன்பைவிடச் சற்றுத் தளர்வாக, இன்னும் தாழ்த்திக் கட்டி, அடுத்த பருவம் வரை விட்டு வையுங்கள். தொட்டியின் கயிற்றை மட்டும் அவிழ்க்க வேண்டியதில்லை. வெயிலில் இற்றுப்போகும் என்பதால் ஆண்டுதோறும் சித்திரையில் அதைப் புதிதாக மாற்றிவிடுங்கள்.