மன்றத்தில் ஏறாத தலைப்பு

1989இல் எங்கள் உயர்தர மாணவர் மன்றம் எடுத்த தலைப்புகள் எல்லாம் ஆபத்தில்லாதவை. விஞ்ஞானம் ஆக்கத்துக்கா அழிவுக்கா, வாலி வதம் முறையா முறையற்றதா, கூட்டுக் குடும்பமா தனிக் குடும்பமா. வீதியிலும் சந்தையிலும் ரியூசன் கொட்டில்களிலும் எல்லோரும் மெல்லிய குரலில் பேசிய விடயம் மட்டும் மண்டபத்துக்குள் வரவில்லை: இலங்கையின் வடக்குக் கிழக்கில் நின்ற இந்திய அமைதிப்படை எப்போது போகவேண்டும்? ‘உடனே போகட்டும்’ என்று பேசுபவனுக்கு ஒரு பக்கத்தால் ஆபத்து. ‘பொறுத்துப் போகட்டும்’ என்பவனுக்கு மறுபக்கத்தால். சந்திக்குச் சந்தி சென்றி, அதாவது ஆயுதக் காவல். எங்கள் ஊரில் நின்ற படையைப் பற்றிய விவாதம் கொழும்புக்கும் டெல்லிக்கும் இடையே கடிதங்களாக நடந்து முடிந்தது.

கல்லூரி மலரில் எழுதக் கேட்டபோது, அந்தத் தலைப்பை மன்றத்து முறைப்படியே எடுத்து ஆராய்வதுதான் பொருத்தம் என்று பட்டது. பொறுப்பாசிரியர்கள் எங்களுக்குப் பழக்கிய ஒழுங்கு அதுவே: முதலில் ஆவணம், பிறகு சொல்லின் எல்லை, அதன் பிறகே வாதம்.

ஆவணம் 1987 யூலை 29 ஒப்பந்தம். இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனாவும் கொழும்பில் கையெழுத்திட்டது. இராணுவ உதவியை இலங்கை அரசு கேட்டால் இந்தியா வழங்கும் என்கிறது 2.16ஆம் பந்தியின் ஒரு பிரிவு. இணைப்பில் இன்னும் தெளிவாக இருக்கிறது: போர்நிறுத்தத்தை உத்தரவாதப்படுத்தவும் நடைமுறைப்படுத்தவும் தேவைப்பட்டால், இந்திய அமைதிகாக்கும் படைப்பிரிவொன்றை இலங்கை ஜனாதிபதி அழைக்கலாம். வரும் வழி இப்படி எழுதப்பட்டது. போகும் வழி பற்றி ஒரு வரியும் இல்லை. எத்தனை மாதம், எது நடந்தால் வேலை முடிந்ததாகும், முடிந்ததென்று யார் சொல்வது, எதுவும் இல்லை. பின்னால் வந்த சிக்கல் அத்தனைக்கும் வேர் இந்த வெற்றிடந்தான்.

அதோடு, படை வந்த வேலையும் மாறிவிட்டது. இயக்கங்களின் ஆயுதங்களைப் பொறுப்பேற்க வந்தவர்கள் 1987 ஒக்ரோபர் 10ஆம் திகதியளவில் புலிகளுடன் போரில் இறங்கினார்கள். ஒரு டிவிசனோடு தொடங்கியது நான்கு டிவிசன்களாக வளர்ந்தது: யாழ்ப்பாணத்தில் 54, திருகோணமலையில் 36, மட்டக்களப்பில் 57, வவுனியாவில் 4. போர்நிறுத்தத்தைக் காக்க எழுதிய அதே தாளின் பெயரில் போர் நடந்தது. சுற்றிவளைப்பும், முகம் மூடி ஆட்களைக் காட்டிக்கொடுத்த தலையாட்டிகளும், ஊரடங்கும் அந்த நாட்களின் வழக்கமாகின. யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் வைத்தியர்களும் தாதியரும் நோயாளரும் சுட்டுக் கொல்லப்பட்டது அந்த ஒக்ரோபரில்தான். இதை ஒதுக்கிவிட்டு விலகலைப் பற்றி யாரும் நேர்மையாகப் பேச முடியாது.

இனி இரு அணிகளின் வாதம். 1989 ஜனவரி 2இல் பதவியேற்ற ஜனாதிபதி பிரேமதாசா, யூன் 1ஆம் திகதி பத்தரமுல்லையில் ஒரு பௌத்த வைபவத்தில் பேசும்போது, யூலை இறுதிக்குள் படை முழுவதும் போகவேண்டுமென்று பகிரங்கமாக அறிவித்தார். அடுத்து ராஜீவுக்குக் கடிதம். அவருடைய வாதம் சுருக்கமானது: அழைத்தவர் ஜனாதிபதி, ஆகவே போகச் சொல்லும் உரிமையும் ஜனாதிபதிக்கே. பின்னணியில் தெற்கில் ஜே.வி.பி. என்ற சிங்கள இடதுசாரிக் கட்சியின் கிளர்ச்சி, அதற்கு எண்ணெய் ஊற்றியது இந்தியப் படையின் இருப்பு. மே மாதத்திலிருந்து புலிகளுடன் கொழும்பில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நவம்பரில் தெற்காசிய நாடுகளின் சார்க் மாநாட்டைக் கொழும்பில் நடத்தும் எண்ணமும் இருந்தது.

டெல்லியின் பதில் வேறு தளத்தில் நின்றது. ஒப்பந்தத்துக்கு இந்தியாவும் உத்தரவாதி. தமிழரின் பாதுகாப்பும் அதிகாரப் பகிர்வும் உறுதியாகும் வேகத்தோடு சேர்த்து, இரு அரசுகளும் கூடி வகுக்கும் அட்டவணைப்படியே விலகல் அமையவேண்டும். படைக்குறைப்பை நாங்களே ஏற்கனவே தொடங்கிவிட்டோம் என்றும் டெல்லி சொன்னது.

எங்கள் மன்றத்தில் நடுவர் இருந்திருந்தால் இரண்டு அணிக்கும் புள்ளி வெட்டியிருப்பார். பிரேமதாசாவின் வாதம் உரிமையில் பலமானது, காலத்தில் பலவீனமானது: பல பத்தாயிரம் பேரை வடக்குக் கிழக்கு முழுவதிலுமிருந்து எடுக்க அவர் கொடுத்தது ஏறக்குறைய எட்டு வாரம். ராஜீவின் வாதத்தில் எச்சரிக்கை இருந்தது, அளவுகோல் இல்லை. அதிகாரப் பகிர்வு எத்தனை பங்கு நிறைவேறினால் போதும்? மாகாணசபைகளை அமைத்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987 நவம்பரிலேயே சட்டமாகிவிட்டது, வடக்குக் கிழக்கு மாகாணசபைத் தேர்தலும் 1988 நவம்பரில் நடந்துவிட்டது. காவல்துறை, காணி அதிகாரங்கள் கைமாறவில்லை. அவை மாறும்வரை நிற்பதானால், மாற்றவேண்டியவர் மாற்றாமலே இருந்தால் படை என்றைக்கும் நிற்கவேண்டும். அளவுகோல் இல்லாத நிபந்தனை, திகதி இல்லாத தங்கலாகவே முடியும்.

யூலை 28இல் ஒரு சமாளிப்பு பிறந்தது. மறுநாள் 600 பேர் கப்பலேறினால் இரு தரப்புக்கும் முகம் காப்பாற்றப்படும். மிகுதிக்கான ஒழுங்கு செப்ரெம்பர் 18 உடன்பாட்டில் வந்தது: செப்ரெம்பர் 20 முதல் தாக்குதல் நடவடிக்கைகள் நிறுத்தம், டிசம்பர் 31க்குள் விலகலை முடிக்க ‘எல்லா முயற்சியும்’. அந்த இரண்டு சொற்களைக் கவனியுங்கள். திகதி கேட்டவருக்குத் திகதி கிடைத்தது, மறுத்தவருக்கு முயற்சி என்ற இளக்கம் கிடைத்தது. நடைமுறையில் வேலை மேலும் கிட்டத்தட்ட மூன்று மாதம் நீண்டது.

விலகல் எப்படி நடக்கும் என்பது விவாத மேடைகளில் அநேகமாக மறக்கப்படும் பகுதி. பேச்சாளர்கள் ‘போ’ என்ற சொல்லோடு நின்றுவிடுவார்கள். படை போவது கடைக்கோடியிலிருந்து துறைமுகத்தை நோக்கிச் சுருங்குவதால். முதலில் சிறு காவலரண்கள் மூடப்பட்டு ஆட்கள் பெரிய முகாமுக்கு வருவார்கள். பிறகு முகாம்கள் ஒவ்வொன்றாக வீதிவழி பின்வாங்கும். ஒவ்வொரு முறையும் வீதியைக் கண்ணிவெடிக்காகச் சோதிக்கவேண்டும். தாங்கி, கவசவண்டி, கனரக வாகனம் எல்லாம் கடல்வழிதான் பெரும்பாலும் போகும். கப்பல் வந்து திரும்ப எடுக்கும் நாட்கள்தான் முழு அட்டவணையின் வேகத்தையும் தீர்மானிக்கும். ஆட்கள் குறையக் குறைய மிஞ்சியவர்களின் ஆபத்து கூடும், ஆகவே கடைசி அணிக்குக் கடைசிவரை சுடுவலு விட்டுவைக்கவேண்டும். திகதியை முன்கூட்டியே அறிவித்தால் எதிராளி அந்த நாள்வரை பொறுத்திருந்தாலே போதும். அறிவிக்காவிட்டால், பொறுப்பேற்க வருபவர் ஆயத்தமாக முடியாது. இந்த முரணுக்கு முழுத் தீர்வு எந்தப் படைக்கும் கிடைத்ததில்லை.

அதனால்தான் அம்பாறை முதலில் காலியானது, இயற்கைத் துறைமுகம் உள்ள திருகோணமலை கடைசியில். 1990 மார்ச் 24இல் கடைசிப் பிரிவு அங்கிருந்து புறப்பட்டது. அதற்கிடையில் டெல்லியில் வி.பி. சிங் பிரதமராகிவிட்டார். சென்னையில் வந்திறங்கியவர்களை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. 1,100க்கும் மேற்பட்ட இந்தியப் படையினர் இலங்கையில் இறந்திருந்தார்கள். பொதுமக்கள் எத்தனை பேர் என்பதை எந்த அரசும் ஒழுங்காக எண்ணவில்லை.

எல்லாவற்றிலும் மோசமாகப் பிழைத்தது ஒப்படைப்பு. முகாமை விட்டு நீ போகிற மறுநாள் காலை அந்த இடம் யாருடையது? இந்தக் கேள்விக்கு மூன்று பதில்கள் ஒரே நேரத்தில் இருந்தன. கொழும்பு தன் பொலிசும் படையும் என்றது. கொழும்போடு பேசிக்கொண்டிருந்த புலிகளுக்குத் தாங்கள்தான் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. டெல்லி, முதலமைச்சர் வரதராஜப்பெருமாளின் வடக்குக் கிழக்கு மாகாண அரசின் கீழ் ஒரு படையை அவசரமாகக் கட்டிவிட்டுப் போகப் பார்த்தது. அந்த அவசரத்தின் விலையைக் கொடுத்தவர்கள் எங்கள் வயதுப் பெடியங்கள். 1989இன் பிற்பகுதியில் ரியூசனுக்குப் போனவனையும் பஸ்ஸில் வந்தவனையும் அந்தப் படைக்காகப் பிடித்துக் கொண்டுபோனார்கள். சனம் அதைப் ‘பிள்ளைபிடி’ என்றது. தாய்மார் முகாம் வாசல்களில் நின்றார்கள். சில வாரப் பயிற்சியோடு துவக்குக் கொடுக்கப்பட்டவர்கள், இந்தியப் படை விலகிய இடங்களில், அம்பாறையில் தொடங்கி, புலிகளின் தாக்குதலுக்கு முகம் கொடுத்தார்கள். பலர் சரணடைந்தார்கள், பலர் செத்தார்கள். 1990 மார்ச் 1இல் மாகாணசபை சுதந்திரப் பிரகடனம் செய்தது. சில நாட்களில் அதன் தலைவர்கள் இந்தியா போய்விட்டார்கள். யூன் 11இல் அடுத்த போர் தொடங்கியது.

படை இன்னும் நின்றிருக்கவேண்டும் என்பதற்காக நான் இதை எழுதவில்லை. போனது சரி. எந்த நாள் என்று மாதக்கணக்கில் சண்டை பிடித்தவர்கள், யாரிடம் என்பதை ஒரு மாதமாவது உட்கார்ந்து பேசியிருக்கலாம் என்பதே என் ஆத்திரம். பேசுவதற்குக் கூட்டப்பட்ட பாதுகாப்பு ஒருங்கிணைப்புக் குழுவுக்கு உண்மையான அதிகாரம் இருந்திருந்தால் அந்தப் பெடியங்களில் பாதிப்பேராவது வீட்டில் இருந்திருப்பார்கள்.

கனடாவில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் இதே கேள்வியை ஆப்கானிஸ்தான் விடயத்தில் பார்த்தார்கள். அங்கே நடந்த விதம் ஒப்பிடத் தக்கது. 2006 மே 17இல் ஒட்டாவா பாராளுமன்றம் ஆப்கானிஸ்தானில் நின்ற கனடியப் படையின் காலத்தை 2009 பெப்ரவரிவரை நீட்டியது. வாக்கு 149க்கு 145, விவாதம் ஒரே நாள். 2008இல், இதை ஆராய அரசு அமைத்த ஜோன் மான்லி குழுவின் அறிக்கைக்குப் பிறகு மறுபடி விவாதித்தார்கள். மார்ச் 13இல் 198க்கு 77 என்று நிறைவேறிய தீர்மானத்தில் அளவுகோல் இருந்தது: கந்தகாரில் வேறொரு நாடு ஏறக்குறைய 1,000 பேரைத் தரவேண்டும், உலங்கு வானூர்தியும் ஆளில்லா விமானமும் வேண்டும், 2011 யூலையில் கந்தகாரிலிருந்து விலகல் தொடங்கி டிசம்பருக்குள் முடியவேண்டும். யார் தோள் கொடுப்பது என்பதைத் திகதியோடு சேர்த்தே எழுதினார்கள். ஆனாலும் 2010இல் பயிற்சிப் பணி என்ற பெயரில் 2014வரை தங்க அரசு முடிவெடுத்தபோது வாக்கெடுப்பு நடக்கவில்லை. கந்தகாருக்குப் போட்ட திகதி, வேறிடத்தில் பயிற்றுவிப்பதைக் கட்டுப்படுத்தவில்லை. தீர்மானத்தில் வேலையின் எல்லையைச் சரியாக எழுதாவிட்டால் இப்படி ஓட்டை விழும்.

இன்று கல்லூரியில் விவாத அணிக்குப் பொறுப்பாக இருக்கும் ஆசிரியர்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த சங்கக் கிண்ண விவாதப் போட்டிக்கு இந்தத் தலைப்பைக் கொடுங்கள். ஒப்பந்தம், அதன் இணைப்பு, 1989 செப்ரெம்பர் உடன்பாடு, கனடாவின் இரு தீர்மானங்கள் ஆகியவற்றை இரண்டு வாரம் முன்னரே இரு அணிக்கும் கொடுக்கலாம். ‘உடனே’ அணி கப்பல் அட்டவணையோடு வரவேண்டும். ‘பொறுத்து’ அணி, எது நடந்தால் போவோம், அதை யார் அளப்பார் என்று எழுதிக்கொண்டு வரவேண்டும். யாரிடம் ஒப்படைப்பது என்று சொல்லாமல் தொகுப்புரையை முடிக்கும் அணிக்கு, எவ்வளவு அழகாகப் பேசினாலும், நடுவர் புள்ளி போடக்கூடாது. பிரதிகள் எடுக்கும் செலவைப் பழைய மாணவர் சங்கத்தின் எங்கள் கிளை ஏற்கும்.