சுருக்குன்னு இருந்தா சொல்லணும்

அண்ணிக்கு மார்பு கேன்சர் திரும்ப வந்துருச்சுன்னு அண்ணன் போன் பண்ணப்போ எனக்கு ஒண்ணுமே ஓடல. ஏழு வருஷம் முன்னாடி மார்பு எடுத்து, கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிச்சவங்க, இப்போ அதே தழும்பு ஓரமா செவப்பா சின்ன சின்ன கட்டி. அவங்க இருக்கறது நெதர்லாந்துல, ராட்டர்டாம். நான் ஒரு மாசம் லீவு போட்டு போனேன்.

அங்க கொடுத்தது ரேடியேஷனும் கூடவே சூடும். ஹைப்பர்தெர்மியான்னு பேரு. ஊர்ல அத்தை கேட்டுட்டு "ஒத்தடம் தானடீ"ன்னாங்க, இல்லவே இல்ல, தயவுசெஞ்சு யாரும் வீட்ல ஹாட் வாட்டர் பேக் வெச்சு ட்ரை பண்ணாதீங்க. ஏற்கனவே ஒரு ரவுண்டு ரேடியேஷன் வாங்கின தோலுக்கு திரும்ப முழு டோஸ் கொடுத்தா தாங்காது, அதனால 4 கிரே (ரேடியேஷன அளக்கற அளவு) வீதம் 8 தடவை, வாரத்துக்கு ரெண்டு, அந்த கம்மி டோஸுக்கு தொணையா தான் சூடு, 40லேர்ந்து 43 டிகிரி, ஒரு மணி நேரம். ரேடியேஷன் கேன்சர் செல்லோட டிஎன்ஏவ ஒடைக்குது, செல்லு அத ஒட்டுப்போட்டு பொழைக்கப் பாக்குது, சூடு அந்த ஒட்டுப்போடற வேலைய கெடுத்துடுது.

1996ல 5 ஆய்வ ஒண்ணா சேர்த்து 306 பேர் கணக்கு வந்துச்சு: ரேடியேஷன் மட்டும்னா 41 சதவீதம் பேருக்கு கட்டி முழுசா மறைஞ்சது, சூடும் சேர்ந்தா 59. ஆயுசு கூடுமான்னு அண்ணன் கேட்டான், அந்த ஆய்வுல கூடல. ஆனா நெஞ்சுல புண்ணு வெடிச்சு ரத்தம் கசிஞ்சு நாத்தத்தோட இருக்கறத பாத்தவங்களுக்கு தெரியும், கட்டி மறையறதே எவ்ளோ பெரிய விஷயம்னு.

நெஞ்சு மேல தண்ணி பை, அதுக்கு மேல மைக்ரோவேவ் அனுப்பற பெட்டிங்க, தோல்ல நூலு மாதிரி டெம்பரேச்சர் வயர் டேப் போட்டு ஒட்டியிருக்கும். ஆபரேஷன் பண்ண எடம் பாதி மரத்துக் கெடக்கும்ல, அங்க சூடு ஒறைக்காது, அதுக்குத்தான் வயரு. அத தவிர அந்த டெக்னீஷியன் பொண்ணு நிமிஷத்துக்கு ஒருதரம் "எங்கயாச்சும் சுடுதா"ன்னு கேட்டுட்டே இருக்கும். அண்ணி ஒவ்வொரு தடவையும் ஓகே ஓகேன்னாங்க, பல்லக் கடிச்சுட்டு. மறுநாள் தழும்பு ஓரத்துல கொப்புளம். தாங்கிக்கிட்டா சீக்கிரம் குணமாகும்னு நெனச்சாங்களாம்! அந்தப் பொண்ணுக்கு கோவமே வந்துருச்சு, வலிய மறைச்சா நாங்க எப்படி சூட்ட சரி பண்றதுன்னு.

அடுத்த வாரம் இருவது நிமிஷம் போயிருக்கும், என் கைய புடிச்சு "இந்தப் பக்கம் சுருக்குங்குதுடீ, சொல்லு"ன்னாங்க. நான் சொன்னேன். அந்தப் பொண்ணு ஏதோ கொறைச்சுது, ஸ்க்ரீன்ல அந்த ஒரு கோடு மட்டும் மெல்ல கீழ எறங்குச்சு.