ஸ்டேடியன் கணக்கு: கிரேக்க வரலாற்றுத் தாளுக்கு நான் படித்த விதம்

முதுகலையில் பண்டைய கிரேக்க வரலாற்றை ஒரு தாளாக எடுத்துப் படித்தேன். வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், புவியியலாளர் ஸ்ட்ராபோ என்று யாரைத் திறந்தாலும் தூரம் எல்லாம் ஸ்டேடியாவில்தான் இருக்கும் (ஒருமையில் ஸ்டேடியன்). வழிகாட்டிப் புத்தகங்களில் பல, ‘ஒரு ஸ்டேடியன் சுமார் 185 மீட்டர்’ என்று ஒரே வரியில் முடித்துவிடும். அதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போனால், பூமியின் சுற்றளவைப் பற்றிய கேள்வி வரும்போது கை நின்றுவிடும். அதனால் அடியிலிருந்து தொடங்குங்கள்.

ஹெரோடோட்டஸின் இரண்டாம் நூலில், எகிப்தின் மோரிஸ் ஏரியைச் சொல்லும் இடத்தில் மொத்த வாய்ப்பாடும் கிடைக்கிறது. 6 அடி ஓர் ஓர்குயியா. 100 ஓர்குயியா, அதாவது 600 அடி, ஒரு ஸ்டேடியன். ஓர்குயியா என்பது இரண்டு கைகளையும் விரித்தால் வரும் நீளம். நம் கடற்கரைகளில் மீனவர்கள் ‘பாகம்’ என்று கயிறு அளப்பார்களே, அதேதான். இடையில் 100 அடிக்குப் பிளெத்ரான் என்று ஓர் அளவு உண்டு. அந்தப் பத்தியை உங்கள் கையால் ஒருமுறை எழுதிப் பார்த்துவிடுங்கள், பிறகு மறக்காது.

சரி, 600 அடி என்பது எல்லோருக்கும் பொது. சிக்கல் அடியில்தான் இருக்கிறது. கிரேக்க நகரங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நீள அடி கிடையாது. ஒலிம்பியாவின் ஓட்டக்களத்தில் தொடக்கக் கோடும் முடிவுக் கோடும் கல்லில் பதித்தவை. அவற்றுக்கு இடையே 192.27 மீட்டர். டெல்பியின் களமோ ஏறத்தாழ 177 மீட்டர்தான். இரண்டுமே 600 அடிக் களங்கள். களத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடும் பந்தயத்துக்கும் ஸ்டேடியன் என்றே பெயர். கி.மு. 776-இல் எலிஸ் நகரத்துக் கொரோய்பஸ் வென்றதாகச் சொல்லப்படுவது இந்தப் பந்தயம்தான். அப்படியென்றால் 185 எங்கிருந்து வந்தது? ரோமானிய மைலுக்கு 8 ஸ்டேடியா என்று பிற்காலத்தில் வைத்த கணக்கிலிருந்து. அந்த மைல் சுமார் 1480 மீட்டர். எட்டால் வகுத்தால் 185.

இந்தப் பின்னணியோடு, பூமியின் சுற்றளவைக் கணக்கிட்ட கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸிடம் வாருங்கள். இந்தப் பகுதியில் மிக அதிக நேரம் செலவிட வேண்டியவர் அவர்தான். எகிப்தின் தெற்கே உள்ள சையீனில் (இன்றைய அஸ்வான்) கோடை உச்ச நாளின் நண்பகலில் நிழல் விழாது; அதே நேரம் அலெக்சாந்திரியாவில் சூரியன் தலைக்கு நேரே இருந்து வட்டத்தின் 50-இல் ஒரு பங்கு விலகியிருக்கும். இரு ஊர்களுக்கும் இடையே 5,000 ஸ்டேடியா என்று வைத்தால் பூமியின் சுற்றளவு அதன் 50 மடங்கு, அதாவது 2,50,000. பின்னால் அது 2,52,000 ஆனது. அப்போது ஒரு பாகைக்குச் சரியாக 700 வரும்.

இதை 185-ஆல் பெருக்கினால் 46,620 கி.மீ. 157.5-ஆல் பெருக்கினால் 39,690 கி.மீ.; உண்மையான அளவான சுமார் 40,000-க்கு மிக அருகில். பல புத்தகங்கள் இரண்டாவதை எடுத்துக்கொண்டு ‘துல்லியமாகச் சொன்னார்’ என்று வியக்கின்றன. ஆனால் 157.5 மீட்டர் என்பது எந்தக் களத்திலும் அளந்து கிடைத்த எண் அல்ல. எகிப்திய ஸ்கொய்னஸ் என்ற நீண்ட அளவில் எரட்டோஸ்தனிஸ் கணக்குப்படி 40 ஸ்டேடியா உண்டு என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியதிலிருந்து, அந்த ஸ்கொய்னஸின் நீளத்தையும் ஊகித்து, 19-ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் வருவித்தது. ஸ்கொய்னஸே இடத்துக்கு இடம் மாறும் என்கிறார் ஸ்ட்ராபோ. ஆகவே விடைத்தாளில் முதலில் முறையை விளக்குங்கள், ஸ்டேடியா எண்ணைக் கொடுங்கள், அப்புறம் கிலோமீட்டரில் இரண்டு மதிப்பையும் போட்டு எது எதிலிருந்து வருகிறது என்று எழுதுங்கள். அவர் பெருமை அந்த முறையில் இருக்கிறது. அதைக் காப்பாற்ற ஸ்டேடியனை வளைக்கத் தேவையில்லை.

நான் கடைப்பிடித்த இன்னொரு வழி: முடிந்தவரை அந்த ஆசிரியரின் கணக்குக்குள்ளேயே இருப்பது. சார்டிஸிலிருந்து சூசா வரை பாரசீக அரச பாதை 450 பரசாங் (பாரசீகத் தூர அளவு) என்கிறார் ஹெரோடோட்டஸ். பரசாங்குக்கு 30 ஸ்டேடியா, ஆக 13,500. நாளுக்கு 150 நடந்தால் 90 நாள் பயணம். மீட்டரே வேண்டாம், பேரரசின் பரப்பு புரிந்துவிடுகிறது.

நம் பக்கத்துக்கு வந்தால், எரித்திரியக் கடலின் பெரிப்ளஸ் என்ற பண்டைய கிரேக்கக் கடல்வழி நூலைக் கட்டாயம் பாருங்கள். அதில் மேற்குக் கரைத் துறைமுகங்களைப் பற்றிச் சொல்லும்போது, தொண்டியிலிருந்து முசிறி 500 ஸ்டேடியா, முசிறியிலிருந்து நெல்கிண்டா ஏறத்தாழ 500. இரண்டும் ஒரே முழு எண்ணாக இருப்பதைக் கவனியுங்கள். கப்பலோட்டிகளின் உத்தேசக் கணக்காகவே எனக்குப் படுகிறது. ஒரு ஸ்டேடியன் எவ்வளவு என்பதைப் பொறுத்து இந்த 500 என்பது 79 முதல் 96 கி.மீ. வரை போகும். தொண்டி, நெல்கிண்டா எங்கே என்பதிலும் ஆய்வாளர்களிடையே ஒருமித்த முடிவில்லை. எனவே வரைபடத்தில் அளவுகோல் வைத்து ஊரைத் தேட இது உதவாது. அதே பத்தியில் முசிறி கடற்கரையிலிருந்து ஆற்றில் 20 ஸ்டேடியா உள்ளே என்றும் இருக்கிறது. எந்த ஸ்டேடியனை எடுத்தாலும் அது 3-க்கும் 4-க்கும் இடைப்பட்ட கிலோமீட்டர்தான். கரை மாறியிருக்கக்கூடும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு, முசிறியின் இடம் பற்றிய கேள்விக்கு இந்த 20-ஐ எழுதுங்கள்.