காய்ச்சலும் லித்தியம் மாத்திரையும்

2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியதும் பேருந்து நின்றது. மாதம் ஒருமுறை அரசு மருத்துவமனைக்குப் போய் மாத்திரை வாங்கிவந்த பலருக்கு அத்தோடு மருந்தும் நின்றது. இருமுனைக் கோளாறோ (அளவுகடந்த கிளர்ச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் மனநோய்) மனச்சிதைவோ (இல்லாத குரல் கேட்பது, வீண் சந்தேகம் என்று போகும் மனநோய்) உள்ளவருக்குக் கிருமி ஒரு ஆபத்து என்றால் இது இன்னொன்று. அடுத்த தொற்று வருமுன், ஏன், டெங்கு காய்ச்சல் வருமுன்பேகூட, இரண்டு மருந்துகளைப் பற்றி வீட்டில் ஒருவராவது தெரிந்துவைத்திருங்கள்.

முதலாவது லித்தியம், இருமுனைக் கோளாறுக்குக் கொடுப்பது. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் அது மருந்து. 1.5-ஐத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கும். அவ்வளவு குறுகிய வரம்பு. காய்ச்சலில் வியர்த்து, வாந்தி எடுத்து, தண்ணீரும் இறங்காமல் கிடந்தால் சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும், கூடவே லித்தியத்தையும். அந்த நேரம் பார்த்து மெடிக்கலில் “உடம்பு வலிக்கு ஏதாவது கொடுங்க” என்று கேட்டால் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் மாதிரி ஏதாவது வந்துவிடும். லித்தியம் வெளியேறுவதை இவை மேலும் தடுக்கும். பாராசிட்டமால் மட்டும் போதும். இவற்றோடு பாராசிட்டமாலைக் கலந்தும் மாத்திரை விற்கிறார்கள், அதனால் அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். உப்புப் போட்ட கஞ்சி நல்லது. டம்ளரைப் பிடிக்க முடியாத அளவு கைநடுக்கம், வயிற்றுப்போக்கு, நடையில் தள்ளாட்டம், குழறும் பேச்சு: இவற்றில் எதைக் கண்டாலும் அடுத்த வேளை லித்தியத்தைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

இரண்டாவது குளோசபின், மனச்சிதைவுக்குக் கொடுப்பது. இது வெள்ளையணுக்களைக் குறைக்கக்கூடும். அதனால்தான் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை. இதைச் சாப்பிடுபவருக்குக் காய்ச்சல் வந்தால் “கொரோனாதான்” என்று முடிவுகட்டி வீட்டிலேயே படுக்கவைக்காதீர்கள். நியூட்ரோஃபில் (கிருமியோடு போராடும் வெள்ளையணு வகை) எண்ணிக்கையை அன்றே பார்த்தாக வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் மருந்து விட்டுப்போயிருந்தால் பழைய அளவை அப்படியே போடவும் கூடாது, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். மருத்துவரிடம் கேட்டு 12.5 மில்லிகிராமில் இருந்து மறுபடி ஏற்ற வேண்டும். பலரும் கவனிக்காதது சிகரெட். அதன் புகை குளோசபினைக் கல்லீரலில் வேகமாகக் கரைக்கிறது. ஊரடங்கில் கடை மூடிச் சிகரெட் நின்றால், அதே மாத்திரையில் ரத்த அளவு மளமளவென்று ஏறும். தொற்றும் அதை ஏற்றும். எழுப்ப முடியாத தூக்கம், தலையணை நனையும் எச்சில், வலிப்பு என்று போகும்.

ஓ.சி.டி. (ஒரே எண்ணம் விடாமல் வந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நோய்) உள்ளவருக்கு, எப்போது கை கழுவுவது என்பதை முன்பே பேசி முடிவுசெய்யுங்கள்: வெளியே போய் வந்ததும், சாப்பிடுமுன், கழிப்பறைக்குப் பின், 20 நொடி. “சுத்தமாயிடுச்சா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டால் ஒவ்வொரு முறையும் பதில் சொல்லாதீர்கள். அந்தப் பதிலே நோய்க்குத் தீனி.

கொரோனா வார்டில் சேர்க்கும்போது மனநல மருந்துகளை மறைக்காதீர்கள். வெளியே தெரிந்தால் வரன் தட்டிப்போகும் என்று பயந்து “தூக்க மாத்திரை” என்று மழுப்புகிறார்கள். மனம் பதறுகிறது. ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை 6 மில்லிகிராம், 10 நாள் வரை கொடுப்பார்கள். இருமுனைக் கோளாறு உள்ளவரை அது தூக்கமே இல்லாத கிளர்ச்சி நிலைக்குத் தள்ளலாம். முன்கூட்டியே தெரிந்தால் காலையில் கொடுத்து, தூக்கத்தைக் கண்காணிப்பார்கள்.

மருந்தின் மூலப்பெயர் (கம்பெனி வைத்த பெயர் அல்ல), மில்லிகிராம், வேளை மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி ஆதார் அட்டையோடு வையுங்கள். கையில் எப்போதும் இரண்டு வார மாத்திரை கூடுதலாக இருக்கட்டும். இரவில் யாரிடம் கேட்பது என்று தவித்தால், 2022 அக்டோபரில் இருந்து அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண்ணான டெலி-மானஸ் இயங்குகிறது: 14416, கட்டணம் கிடையாது.